ஏற்றத்தில் போய் நில்லுங்கள்

பழைய டீசல் என்ஜின் சரக்கு ரயிலை இழுப்பதைப் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் நிலைய நடைமேடையில்தான் நிற்கிறார்கள். நானும் பல ஆண்டுகள் அப்படி நின்றவன். விரைந்து கடந்துவிடும் என்ஜின் தன் பலத்தைக் காட்டுவதே இல்லை. அதைக் காண ஏற்றத்தைத் தேடிப் போக வேண்டும். நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் பாதை கண்ணுக்குச் சமதளம் போலத்தான் தோன்றும். ஆனால் 4,000 டன் வண்டியை அதில் ஏற்ற, சரிவுக்காக மட்டுமே 40 டன் இழுவை கூடுதலாக வேண்டும்.

ஏற்றத்தில் ஒரு வளைவும் இருந்தால் அதன் உட்புறம் நில்லுங்கள். முதல் சக்கரம் முதல் கடைசிப் பெட்டி வரை ஒரே பார்வையில் கிடைக்கும். நிற்பது ரயில்வே எல்லைக்கு வெளியேதான். என்ஜின் இரைச்சலில் அடுத்த பாதையில் வரும் வண்டி காதில் விழாது. தண்டவாளத்தில் இறங்கிப் படம் எடுப்பவரோடு நான் எங்கும் போவதில்லை.

ஏற்றத்தின் அடியில் சிக்னலுக்காக வண்டி நின்றால் அன்று உங்களுக்கு நல்ல நாள். பிரேக் தளர்ந்து காற்று சீறும். பிறகு, இணைப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக இறுகும் ஓசை முன்னிருந்து பின்னோக்கி ஓடும். அப்போது கண்ணை மூடிக்கொள்ளுங்கள். ஆல்கோ நிறுவனத்தின் 251 வகை நான்கு வீச்சு (ஃபோர் ஸ்ட்ரோக்) என்ஜின் ஒவ்வொரு அடியையும் தனித்தனியாகத் துப்பும். ஓட்டுநர் நாட்ச், அதாவது விசையின் படி, ஏற்றியதும் டீசல் உடனே பாய்கிறது. டர்போ சுழன்று போதிய காற்றைத் திணிக்கச் சில நொடிகள் ஆகின்றன. அந்த இடைவெளிதான் கரும்புகையாக எழுகிறது. ஈஎம்டி நிறுவனத்தின் 645 இரண்டு வீச்சு (டூ ஸ்ட்ரோக்) என்ஜின். அதன் டர்போவைத் தொடக்கத்தில் பற்சக்கரங்களே சுழற்றுவதால் இவ்வளவு புகை வராது, முழக்கம் மட்டும் இடைவிடாமல் கனத்துக்கொண்டே போகும். எனக்குப் பிடித்தது ஆல்கோதான்.

தூறல் விழும் காலையைத் தவறவிடாதீர்கள். அப்படி ஒரு நாளில் இரட்டை என்ஜின் வண்டி ஒன்று நடைவேகத்துக்கு இறங்கிவிட்டது. திடீரென்று முன் என்ஜினின் சக்கரங்கள் வழுக்கின. தொலைநோக்கியில் பார்த்தேன்: சக்கரத்துக்கு முன்னாலிருந்த குழாயிலிருந்து மணல் மெல்லிய கயிறாக ஈரத் தண்டவாளத்தில் விழுந்தது, சக்கரம் அதை அரைத்து மாவாக்கிப் பற்றிக்கொண்டது. ஓட்டுநர் விசையைக் குறைத்து, மறுபடி ஒவ்வொரு நாட்சாக ஏற்றினார். வண்டி நிற்கவில்லை. நான் வேலிக்கம்பியை இறுகப் பிடித்திருந்தது பிறகுதான் தெரிந்தது.

இறக்கத்தில் கேட்பது வேறு குரல். சக்கரங்களைச் சுழற்றிய மோட்டார்களே அங்கே மின்சாரம் உண்டாக்கி வண்டியைத் தடுக்கின்றன. அந்த மின்சாரம் மின்தடைக் கம்பிகளில் வெப்பமாகிறது. அவற்றைக் குளிர்விக்கும் விசிறியின் ஊளை வெகுதூரம் கேட்கும்.

என்ஜின் கடந்ததும் கிளம்பிவிடாதீர்கள். கடும் ஏற்றங்களில் வண்டியின் வாலிலும் ஓர் என்ஜின் உந்திக்கொண்டு வரலாம். முன்னதன் ஓசை வளைவுக்கு அப்பால் அடங்கி, பெட்டிகளின் தடதடப்பு மட்டும் மிஞ்சியிருக்கும் வேளையில், கீழேயிருந்து அந்த இரண்டாவது முழக்கம் மெல்ல ஏறி வரும்.