உப்புத் தண்ணீர் ஊரில் வீட்டுக்குள் செடி வளர்ப்பவர்கள் தவிர்க்க வேண்டியவை

தண்ணீர் ஊற்ற மறப்பது, செடியை உச்சி வெயிலில் வைத்து இலையைப் பொசுக்குவது, இதையெல்லாம் சொல்லப் போவதில்லை. ஒரு செடி போனால் தானே புரிந்துவிடும். ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம், உச்சிப்புளி, கீழக்கரைப் பக்கம் புதிதாகச் செடி வாங்குகிறவர்கள், நாங்கள் அந்தக் காலத்தில் செய்த கூத்தை அப்படியே செய்கிறார்கள். அதில் ஒன்றைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும்.

ஆர்ஓ கழிவுத் தண்ணீர்

மண்டபத்தில் மதினி வீட்டு வரவேற்பறையில் கலாத்தியாவும் பீஸ் லில்லியும் இருந்தன. மதுரை நர்சரியில் நல்ல விலை கொடுத்து வாங்கியவை. "நுனியெல்லாம் கருகுது தம்பி, தண்ணி பத்தலையோ?" என்று கேட்டுக்கொண்டே ஒரு வாளியை எடுத்து வந்தார். குடிதண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆர்ஓ மெஷினிலிருந்து கழிவாக வெளியேறும் தண்ணீர். வீணாகிறதே என்று பிடித்து வைத்தாராம்.

நல்ல எண்ணம்தான். ஆனால் போர் தண்ணீரே உவர்ப்பாக இருக்கும் ஊர் இது. மெஷினுக்குள் போன உப்பில் பெரும்பகுதி அந்தக் கழிவில்தான் சேர்கிறது. கருவாட்டுக்கு உப்பு போட்டால் மீனிலிருந்து நீர் இறங்குகிறதே, வேருக்கும் ஏறக்குறைய அந்தக் கதிதான். மண்ணில் உப்பு ஏற ஏற, ஈரம் இருந்தும் வேரால் உறிஞ்ச முடியாது. இலை வாடும். வாடுகிறதே என்று அதே தண்ணீரை மேலும் ஊற்றுவோம். மண்மேல் வெள்ளைப் படலம் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

இரவெல்லாம் திறந்து வைத்தால் குளோரின் போகும், உப்பு போகாது. கொதிக்க வைத்தாலும் அப்படியே இருக்கும், இன்னும் அடர்த்தியாகும்.

சரி, எதை ஊற்றுவது? காவிரிக் குடிநீர் வந்தால் அது. ஐப்பசி, கார்த்திகையில் மழைநீர். முதல் மழை மாடியைக் கழுவிப் போகட்டும், அப்புறம் பிடியுங்கள். டிரம்மை மூடாவிட்டால் டெங்கு கொசு குடியேறும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரிலும் உப்பு இல்லை என்றே சொல்லலாம். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் வைத்திருப்பவர்கள், 500-க்கு மேல் காட்டும் தண்ணீரைக் கலாத்தியா பக்கமே கொண்டு போக வேண்டாம். ஸ்நேக் பிளான்ட் ஓரளவு தாங்கும்.

ஏற்கெனவே உப்பேறிய தொட்டியில் மேல்மண்ணை லேசாகச் சுரண்டி எடுத்துவிட்டு, தொட்டி கொள்ளும் அளவைப் போல இரண்டு மூன்று மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி வடிய விடுங்கள். அடித்தட்டில் தேங்கியதை உடனே கொட்டிவிட வேண்டும். விட்டால் உப்பு திரும்ப மேலே ஏறும். கருகிய நுனி மறுபடி பச்சையாகாது. புது இலையைப் பார்த்துத்தான் தீர்ப்பு.

கழுவாத தேங்காய் நார்த்தூள்

இதிலும் உப்பு உண்டு. ஊறவைத்துப் பிழிந்து, மறுபடி ஊறவைத்துப் பிழிந்த பிறகே தொட்டிக்கு.

கடல் மணல்

கலக்கவே கூடாது.

கடல் பக்க ஜன்னல்

காற்றோடு வரும் உப்பு இலையில் படியும். வாரம் ஒரு தடவை ஈரத்துணியால் துடையுங்கள். பளபளப்புக்காகத் தேங்காய் எண்ணெய் தடவுகிறவர்களை என்ன சொல்ல! தூசி அத்தனையும் அதில்தான் ஒட்டும்.

ஓட்டையில்லாத பீங்கான் தொட்டி

அழகுதான். வாங்காதீர்கள்.

அவசர உரம்

நுனி கருகினால் சத்துக் குறைவு என்று உரம் வாங்க ஓடுகிறார்கள். ரசாயன உரமும் உப்புதான். புது இலை பழுதில்லாமல் விரியட்டும், அப்புறம் பாக்கெட்டில் போட்ட அளவில் பாதி போடலாம்.