பனிச்சரிவு ஏர்பேக் பை: முதுகை அளக்காமல் வாங்காதீர்கள்

போன வாரம் சுவிட்சர்லாந்தின் தாவோஸில் ஒரு கடை. முதல் முறை ஸ்கீ டூரிங் (ஸ்கீயோடு மலையேறிச் சறுக்கி இறங்குவது) போகத் தயாராகும் ஒரு தம்பி, பனிச்சரிவில் சிக்கினால் பலூன்போல விரியும் ஏர்பேக் பையைக் காலியாகவே தோளில் மாட்டிக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "சரியா இருக்கு" என்று பில் போடக் கிளம்பினான். ஆறு வருஷத்துக்கு முன் நானும் இதையேதான் செய்தேன். சும்மா நிற்க முடியவில்லை.

டிரான்சீவர் (புதைந்தவரைக் கண்டுபிடிக்க உதவும் ரேடியோக் கருவி), மண்வாரி, புரோப் (பனிக்குள் குத்தித் தேடும் நீளக் கம்பி) மூன்றும் கட்டாயம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதைத் தாண்டி வருகிறேன்.

லிட்டரை மட்டும் பார்ப்பது

30 லிட்டர் என்பது சாமானுக்கான அளவு. முதுகுக்கான அளவு வேறு: குனிந்தால் கழுத்தடியில் துருத்தும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு மட்டம் வரை. தள்ளுபடி என்று நீள முதுகுப் பையை வாங்கினேன். இடுப்புப் பட்டையை எலும்பின் மேல் இறுக்கினால் பையின் தலை ஹெல்மெட்டில் இடித்தது. தோள்பட்டையை இறுக்கினால் இடுப்புப் பட்டை கீழே நழுவியது. ஏறும்போது, கால்களுக்கு இடையே போட்டு இடுப்பில் மாட்டும் கால் பட்டை தொடை இடுக்கை அறுத்தது. அதனால் கால் பட்டையை மாட்டுவதையே விட்டுவிட்டேன். இரண்டு குளிர்காலம் அப்படியே போனது. இப்போது நினைத்தாலும் எரிச்சலாக இருக்கிறது.

மிக்சர் டப்பாவைக் குலுக்கினால் பெரிய துண்டுகள் மேலே வருமே, ஏர்பேக்கும் அப்படித்தான் வேலை செய்கிறது. சுமார் 150 லிட்டர் விரிந்து, ஓடும் பனியில் உங்களைப் பெரிய பொருளாக்கி மேலே கொண்டுவருகிறது. அந்த இழுப்பைத் தாங்குவது இடுப்புப் பட்டையும் கால் பட்டையும்தான். அவை பிடிக்காவிட்டால் பை கழன்று மேலே போகும், நீங்கள் அடியில் கிடப்பீர்கள்.

சில பைகளில் முதுகெலும்பைக் காக்க வரும் முதுகுக் காப்பும் இதே கதைதான். தகடு எங்கே படிகிறதோ அங்கே மட்டும்தான் காப்பு. முதுகுக் காப்புக்கான ஐரோப்பியத் தரமான EN 1621-2 முத்திரை இருக்கிறதா பாருங்கள்; வெறும் தடித்த ஃபோமையும் காப்பு என்று நினைத்து வாங்குகிறார்கள்.

கடையிலேயே ஏழெட்டு கிலோ போட்டு, எல்லாப் பட்டையையும் மாட்டி, ஒருவரைப் பின்னால் நின்று பையை மேலே வெடுக்கென்று இழுக்கச் சொல்லுங்கள். தம்பியின் பையை நான் இழுத்தேன். காதுவரை ஏறியது. சின்ன அளவு எடுத்தான், அது அசையவில்லை.

ஏர்பேக் ஜிப்பின் மேல் ஹெல்மெட், கயிறு கட்டுவது

கூடாது.

சிலிண்டரா, மின்விசிறியா

ஏர்பேக்கை விரிப்பது அழுத்த வாயுச் சிலிண்டராக இருந்தால், ஒருமுறை விரித்ததும் அதை மறுபடி நிரப்ப வேண்டும், விமானத்தில் கொண்டுபோக முன்அனுமதியும் வேண்டும். மின்விசிறி வகையை எத்தனை முறையும் விரித்துப் பழகலாம். பழகவே மாட்டீர்கள் என்றால் இரண்டும் ஒன்றுதான்.

கைப்பிடியைக் கையுறையோடு தொட்டுப் பார்க்காதது

2014இல் வெளியான ஓர் ஆய்வில், பனிச்சரிவில் சிக்கிய ஏர்பேக்குகளில் ஐந்தில் ஒன்று விரியவே இல்லை. அவற்றில் 60 சதவீதம், அணிந்தவரே இயக்காமல் போனவை. ஏர்பேக்கை விரிக்க இழுக்கும் கைப்பிடி தோள்பட்டையில் இருக்கும்; ஏறும்போது பட்டையின் ஜிப்புக்குள் மடித்து வைத்த அதை உச்சியில் வெளியே எடுக்க மறந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். வாங்கும் நாளில் உங்கள் தடித்த கையுறையையும் எடுத்துப் போங்கள். கண்ணை மூடிக்கொண்டு, தோள்பட்டை ஜிப்பைத் திறந்து கைப்பிடியைப் பிடிக்க முடிகிறதா பாருங்கள்.