வீட்ல யாராச்சும் சிகரெட்ட நிறுத்தப் பாக்குறாங்களா? நான் பண்ண தப்ப நீங்க பண்ணாதீங்க

மொத தப்பு, பாக்கெட்ட ஒளிச்சு வைக்கிறது. பத்தாவது படிக்கும்போது அப்பா சட்டைப் பைலேர்ந்து எடுத்து ஒவ்வொண்ணா ஒடிச்சு ஒரு பக்கெட் தண்ணில போட்டேன், தூளெல்லாம் மிதக்குறத பாத்து ஏதோ சாதிச்ச மாதிரி ஒரு பெருமை. அவரு ஒண்ணுமே சொல்லல, செருப்ப மாட்டிட்டு வெளிய போனாரு, பத்து நிமிஷத்துல புது பாக்கெட். அதுக்கப்புறம் மாடிக்குப் போய் பிடிக்க ஆரம்பிச்சாரு, அவ்ளோதான் நடந்துச்சு. அவங்களே குடுத்து தூக்கிப் போடச் சொன்னா போடுங்க, லைட்டரையும் சேத்து.

நுரையீரல் படத்த ஃபார்வர்ட் பண்றதும் வேஸ்ட்டு. தெரியாமலா பிடிக்கிறாங்க?

பெரிய தப்பு மொத வாரத்துலதான் நடக்கும். புகைய இழுத்த சில செகண்ட்லயே, அதுல இருக்குற அடிமையாக்குற பொருளான நிகோடின் மூளைக்குப் போயிடும், வருஷக்கணக்கா அதுக்குப் பழகின மூளைக்கு திடீர்னு கிடைக்கலன்னா எரிச்சல், தூக்கம் வராம பொரள்றது, தொட்டதுக்கெல்லாம் கத்துறதுன்னு எல்லாம் வரும், 2, 3ஆவது நாள்தான் உச்சம், அப்புறம் 2-லேர்ந்து 4 வாரத்துல மெதுவா அடங்கும். அப்பா நிறுத்தப் பாத்தப்போ அந்த நேரத்துல அவர்கிட்ட "இப்படி எரிஞ்சு விழறதுக்கு நீ பிடிச்சே தொலைச்சிருக்கலாம்"னு சொல்லிட்டேன், சொல்லவே கூடாத டயலாக் அது. பிடிக்கணும்ங்கிற வெறி வந்தா பெரும்பாலும் சில நிமிஷம்தான் நிக்கும், அத தாண்ட வச்சா போதும், ஒரு நடை கூப்பிடுங்க, இல்ல சும்மா மொக்க போடுங்க. விட்டப்புறம் கொஞ்ச நாள் இருமல் கூடலாம், நுரையீரல் தன்னையே சுத்தம் பண்ண ஆரம்பிக்குது, பயந்துடாதீங்க (ரொம்ப நாள் நிக்கலன்னா டாக்டர்கிட்ட காட்டுங்க).

ஃப்ரெண்டுன்னா வேற மாதிரி தப்பு. "அதுக்கு பதிலா வேப் அடி"ம்போம், வேப்ங்கிறது இ-சிகரெட்டு, பெரும்பாலும் அதுலயும் நிகோடின்தான். கம்பெனி குடுக்கறேன்னு நீங்க ஒண்ணு பத்த வைக்கிறது அதவிட கூத்து. சிகரெட்ட நிறுத்த உதவுற நிகோடின் கம் (மெல்றது), பேட்ச் (தோல்ல ஒட்டுறது) எல்லாம் நீங்களா வாங்கிக் குடுக்காதீங்க, 18 வயசுக்குள்ளன்னா கண்டிப்பா டாக்டர் சொல்லணும்.

நடுவுல ஒண்ணு பிடிச்சுட்டாங்கன்னா "எனக்கு அப்பவே தெரியும்"னு ஆரம்பிக்காதீங்க, நெறைய பேருக்கு பல தடவ முயற்சி பண்ணித்தான் விட முடியுது. அன்னைக்கு என்ன ஆச்சுன்னு மட்டும் கேளுங்க.

அதே மாதிரி தெனம் "இன்னைக்கு பிடிச்சீங்களா"ன்னு கேக்குறதும் தொல்லைதான், மறந்திருந்தவங்களுக்கு நாமளே ஞாபகப்படுத்துறோம். எப்ப கேக்கலாம்னு அவங்கள்ட்டயே கேட்டுடுங்க. எங்கப்பா ஞாயித்துக்கிழமை மட்டும் கேளுன்னாரு, மூணாவது ஞாயிறு நான் மறந்துட்டேன், அவரே வந்து சொன்னாரு.