எம்81 உருமறைப்பு பிஸ்டல்: நான்கு நிறத்தை எப்படி ஏற்றுவது?

எம்81 என்பது அமெரிக்க ராணுவத்தின் காட்டு உருமறைப்பு வடிவம். அதன் நான்கு நிறமும் அடித்து முடித்த பிஸ்டல் பார்க்கக் கச்சிதமாக இருக்கும்; ஸ்லைடை, அதாவது மேலே முன்பின் நகரும் பாகத்தை, இழுத்தால் பாதியில் நின்றுவிடும். துப்பாக்கிக்கு அடிக்கும் பீங்கான் கலந்த வண்ணமான செராகோட் ஒரு பூச்சு ஏறக்குறைய 25 மைக்ரான். உருமறைப்பில் நிறத்தின்மேல் நிறம் ஏறுவதால் கடைசி நிறம் தெரியும் இடத்தில் 100 மைக்ரான் வரை சேர்ந்துவிடும். குறிப்பிட்ட எண்ணிக்கையில் மட்டும் செய்யும் சிறப்புப் பதிப்பு வேலையில் பாதிக் கெடுதல் இந்தக் கணக்கைப் பார்க்காததால் வருவதுதான்.

அமெரிக்காவில் அடுத்தவர் துப்பாக்கிக்கு வண்ணம் அடிப்பதைத் தொழிலாக வைத்தால் டீலர் உரிமம் வேண்டும். உற்பத்தியாளர் உரிமம் தேவையில்லை என்று, அங்கே துப்பாக்கி உரிமம் தரும் அரசு அமைப்பான ஏடிஎஃப்பின் 2009-1 தீர்ப்பு சொல்கிறது. வாடிக்கையாளரின் பிஸ்டல் ஓர் இரவு கடையில் தங்கினாலும் பதிவேட்டில் ஏற்றிவிடுங்கள். வரிசை எண்ணை மறைப்பதோ அழிப்பதோ குற்றம். 2002 முதல் அந்த எண்ணின் ஆழம் குறைந்தது 0.003 அங்குலம் இருக்க வேண்டும், அதாவது 76 மைக்ரான். நூறு மைக்ரான் பூச்சு அதன்மேல் விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. எண் தகட்டை முதல் நிறத்துக்கு முன்பே டேப்பால் மூடுங்கள், கடைசிவரை எடுக்காதீர்கள்.

மாகசினைக் கழற்றி, தோட்டா அமரும் சேம்பரைக் கண்ணாலும் விரலாலும் பார்த்த பிறகே வேலை தொடங்க வேண்டும். வேலை நடக்கும் அறையிலேயே தோட்டா இருக்கக் கூடாது. பேரல், ஸ்பிரிங், ஸ்டிரைக்கர், எக்ஸ்ட்ராக்டர், சைட் எல்லாம் வெளியே வரட்டும். இருட்டில் ஒளிரும் ட்ரிட்டியம் சைட்டை மறந்தும் சூடாக்கும் ஓவனுக்குள் விடாதீர்கள்.

எஃகு ஸ்லைடை அசிட்டோனில் 30 நிமிடம் ஊறவைத்து, பிறகு 150 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் சூடாக்குங்கள். எக்ஸ்ட்ராக்டர் துளையைச் சுற்றி ஈரக் கறை கசிந்தால் உள்ளே எண்ணெய் இன்னும் இருக்கிறது; மறுபடி ஊறவைத்து மறுபடி சூடாக்க வேண்டியதுதான். இதில் அவசரப்பட்டால் பூச்சு மீன்கண் போலக் குழிந்து விலகும். பாலிமர் ஃப்ரேமுக்கு இந்தச் சூடு ஆகாது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்தால் போதும்.

அடுத்தது மணல்வீச்சு. 100 கிரிட் அலுமினியம் ஆக்சைடு, எஃகுக்கு 80 முதல் 100 பிஎஸ்ஐ, பாலிமருக்கு 30 முதல் 40. அதன் பிறகு கையுறை இல்லாமல் தொடக் கூடாது. விரல் ரேகை எண்ணெய்கூடப் பூச்சைக் கெடுக்கும். ரெயில், ஸ்லைடின் உட்காடி, பிரீச் முகம் ஆகியவற்றையும் டேப்பால் மூடுங்கள். மேலே சொன்ன ஸ்லைடு நிற்பது பெரும்பாலும் ரெயிலில் வண்ணம் ஏறியதால்தான்.

ஓவனில் சூடாக்கி இறுக்கும் செராகோட் எச் வரிசைக்கு 18 பங்கு வண்ணம், 1 பங்கு வினையூக்கி. வினையூக்கி கூடினால் பளபளப்பு கூடும். பளபளக்கும் உருமறைப்பால் யாருக்கு என்ன பயன்? 0.8 மி.மீ. முனையுள்ள, குறைந்த அழுத்தத்தில் தெளிக்கும் எச்.வி.எல்.பி. வண்ணத் தெளிப்பான் போதும். வெளிர் மணல் நிறத்தில் தொடங்கி, அது தெரிய வேண்டிய இடங்களில் ஸ்டென்சில் ஒட்டி பச்சை, அதன்மேல் ஒட்டி பழுப்பு, கடைசியில் கறுப்பு. ஒவ்வொரு நிறத்துக்கும் இடையே 80 டிகிரியில் 15 முதல் 20 நிமிடம் காயவிடுங்கள். ஒவ்வொன்றையும் மெல்லியதாக அடியுங்கள். அடிநிறம் மறைந்தால் போதும்.

எம்81 சட்டை அளவுக்கு வரைந்த வடிவம். அதே அளவில் வெட்டினால் பிஸ்டல் ஸ்லைடில் இரண்டு நிறந்தான் விழும். பாதிக்கும் கீழே சுருக்குங்கள். கறுப்பு, மரக்கிளை போல நீண்டு ஓடினால்தான் அது எம்81. வேறு வடிவம் வேண்டுமானால் கவனம்: மல்டிகேம் என்ற பெயர் கிரை பிரிசிஷனுக்குச் சொந்தம், படைப்பிரிவுச் சின்னங்களுக்கு அந்தந்தப் பிரிவின் அனுமதி வேண்டும்.

இந்தச் சிறப்புப் பதிப்பு மாற்றுத்திறனாளி முன்னாள் படைவீரர்களோடு கூட்டு என்றால் வேலையிலேயே பங்கு இருக்க வேண்டும். பெட்டியில் கொடி ஒட்டுவது கூட்டு ஆகாது. பட்டறையில் மாற்ற வேண்டியவை சின்னச் சின்ன விஷயங்கள். மணல்வீச்சுப் பெட்டி பெரும்பாலும் கால்மிதியில் இயங்கும். காலை இழந்தவருக்கு அதைக் கைநெம்புகோலாக மாற்றுங்கள். காது இரைச்சலும் செவித்திறன் குறைவும் முன்னாள் வீரர்களிடம் சாதாரணம், ஆகவே ஓவன் மணியோடு ஒரு விளக்கும் எரியட்டும். ஸ்டென்சில் மேசை 28 முதல் 34 அங்குல உயரம், கீழே முழங்காலுக்கு 27 அங்குல இடம் இருந்தால் சக்கர நாற்காலி நுழையும். ஒரு கையால் வேலை செய்பவருக்குச் சுழலும் பிடிப்பான் ஒன்று போதும். "ஊனமுற்ற வீரருக்குச் சொந்தமான நிறுவனம்" என்று சொல்லி அரசு ஒப்பந்தம் கேட்பதென்றால் 51 சதவீத உரிமையும் நிர்வாகமும் அவர் கையில் இருக்க வேண்டும். சான்றிதழ் தருவது 2023 முதல் எஸ்பிஏ என்ற அமெரிக்கச் சிறுதொழில் நிர்வாகம்.

கறுப்பு கையில் ஒட்டாத அளவு காய்ந்ததும் ஸ்டென்சில்களை இடுக்கியால் உரியுங்கள். முழுச் சூட்டுக்குப் பிறகு உரித்தால் ஓரம் பிய்ந்து பசையும் நிற்கும். பிறகு எஃகு 120 டிகிரியில் 2 மணி நேரம். பாலிமர் 65 முதல் 80க்குள், அதே 2 மணி நேரம். ஓவன் குமிழின் எண்ணை நம்பாதீர்கள். சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் வைத்து, பாகம் அந்தச் சூட்டை எட்டிய பிறகே நேரத்தை எண்ணுங்கள். சமையல் ஓவனைத் தொடவே வேண்டாம்.

"250இல் 17" போன்ற பதிப்பு எண்ணை வரிசை எண்ணுக்குத் தள்ளி, மணல்வீச்சுக்கு முன்பே பொறித்துவிடுங்கள். பூச்சுக்குப் பின் பொறித்தால் வெறும் எஃகு தெரிந்து துருப்பிடிக்கும். ஒவ்வொரு கலவையிலும் ஒரு சிறு தகட்டில் அடித்துத் தேதியோடு எடுத்து வையுங்கள். இரண்டு வருடம் கழித்துக் கீறலோடு ஒரு பிஸ்டல் திரும்பி வரும்போது நிறம் பார்க்க அந்தத் தகடுதான் இருக்கும்.