பாஸ்வேர்டு சரிதான், ஆனாலும் சர்வர் உள்ளே விடவில்லையா?

ஆக்டிவ் டைரக்டரியோடு (நிறுவனத்தின் யூசர் அக்கவுண்ட்களை ஒரே இடத்தில் வைத்திருக்கும் மைக்ரோசாஃப்ட் சேவை) இணைத்த லினக்ஸ் சர்வரில் ஒருவரால் நுழைய முடியவில்லை என்றதும், நம்மில் பலர் செய்யும் முதல் காரியம் பாஸ்வேர்டை மாற்றிக் கொடுப்பது. நானும் அப்படித்தான் இருந்தேன். ஒருவருக்கு மூன்று முறை மாற்றிக் கொடுத்த பிறகுதான் லாக்கை, அதாவது நடந்ததையெல்லாம் சர்வர் எழுதிவைக்கும் பதிவைத் திறந்து பார்த்தேன். ஆக்டிவ் டைரக்டரியில் அவருடைய ஷெல் (கமாண்டுகளை வாங்கி இயக்கும் புரோகிராம்) 'இசட் ஷெல்' என்று இருந்தது. அந்த சர்வரிலோ இசட் ஷெல்லே இன்ஸ்டால் ஆகவில்லை. தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் இந்தக் காரணத்தை சர்வர் லாக்கில் பச்சையாக எழுதிவைக்கும். நுழைய முயல்கிறவரிடம் மட்டும் 'அனுமதி இல்லை' என்று சொல்லி நிறுத்திக்கொள்ளும். அவர் பாவம், பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்ப அடித்துப் பார்ப்பார். அதிலேயே அக்கவுண்ட்டும் முடக்கப்பட்டுவிடும்.

ஆகவே முதலில் லாக் பதிவைப் பாருங்கள். பாஸ்வேர்டு ஏற்கப்பட்டது என்று ஒரு வரி, அதே நொடியில் செஷன் மூடப்பட்டது என்று அடுத்த வரி இருந்தால், பாஸ்வேர்டை விட்டுவிடுங்கள். ஹோம் டைரக்டரி (அவருடைய சொந்த ஃபோல்டர்) உருவானதா, என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியாகப் பகிரும் ஃபோல்டர்) மவுன்ட் ஆகியிருக்கிறதா, டிஸ்க் நிரம்பிவிட்டதா என்று பாருங்கள். எஸ்எஸ்ஹெச்சில் ஹோம் இல்லாவிட்டாலும் பெரும்பாலும் ஒரு எச்சரிக்கையோடு உள்ளே விட்டுவிடும். திரையில் டெஸ்க்டாப் வழியாக நுழைகிறவர்தான் லாகின் பக்கத்துக்கே திரும்பி வந்து நிற்பார்.

எல்லாருக்கும் ஒரே நேரத்தில் பிரச்சினை என்றால் கடிகாரத்தைப் பாருங்கள். ஆக்டிவ் டைரக்டரி ஆளைச் சரிபார்க்கப் பயன்படுத்தும் கெர்பரோஸ் முறை வழக்கமாகப் பொறுத்துக்கொள்வது 5 நிமிட வித்தியாசம்தான். பழைய ஸ்னாப்ஷாட்டிலிருந்து (முன்பு அப்படியே சேமித்து வைத்த நிலை) எழுப்பிய விர்ச்சுவல் மெஷின் இதில் அடிக்கடி மாட்டும்.

அடுத்து, எஸ்எஸ்எஸ்டி (லினக்ஸை ஆக்டிவ் டைரக்டரியோடு பேசவைக்கும் சேவை) சேமித்து வைக்கும் கேஷை அழிக்கும் பழக்கம். டொமைன் கன்ட்ரோலர் (ஆக்டிவ் டைரக்டரி ஓடும் சர்வர்) எட்டாத நேரத்தில், சேமித்து வைத்த அந்தக் கேஷ்தான் பழைய ஆட்களையாவது உள்ளே விடுகிறது. ஃபைலை டெலிட் செய்தால் அதுவும் போச்சு. குரூப் மாற்றம் தெரியவில்லை என்பதற்கெல்லாம் கேஷைக் காலாவதியாக்கினாலே போதும்.

பேம் ஃபைல்களில் (லினக்ஸில் யாரை உள்ளே விடுவது என்ற விதிகள் இருக்கும் ஃபைல்கள்) கை வைக்கிறீர்களா? சரி, அதற்கு முன் ரூட்டாக (முழு அதிகாரமுள்ள அட்மின் அக்கவுண்ட்) ஒரு விண்டோவைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு விண்டோவில் புதிதாக நுழைந்து பார்த்த பிறகுதான் அதை மூட வேண்டும்.