வளர்ச்சிக் காரணி: 100 மைக்ரோகிராம் குப்பியைக் கரைத்துப் பங்கிடுவது

கொழும்பிலிருந்து ஏ9 வீதியால் வவுனியாவுக்கோ கிளிநொச்சிக்கோ வந்து சேரும்போது ரெஜிபோம் பெட்டிக்குள் ஐஸ் தண்ணீராகியிருக்கும். பதறத் தேவையில்லை. மீளச்சேர்க்கை மனித ஈஜிஎஃப் (மேற்றோல் வளர்ச்சிக் காரணி) போன்ற வளர்ச்சிக் காரணிகள், அதாவது வளர்ப்பு ஊடகத்தில் கலங்களைப் பெருகவைக்கச் சேர்க்கும் புரதங்கள், உறைய உலர்த்திய பொடியாக இருக்கும்வரை சில நாள் அறைவெப்பத்தைப் பெரும்பாலும் தாங்கும். கரைத்த பிறகுதான் அது தொட்டாற்சுருங்கி.

குப்பியைக் குளிரிலிருந்து எடுத்ததும் திறக்க வேண்டாம், உள்ளே ஈரம் படியும். அரை மணித்தியாலம் வெளியே வைத்துவிட்டு, மையநீக்கியில் ஒரு நிமிடம் சுற்றுங்கள். 100 மைக்ரோகிராம் கண்ணுக்குத் தெரியாத அளவு. மூடியில் ஒட்டியிருந்தால் மூடியோடு குப்பைக்குப் போய்விடும். ‘வெறுங்குப்பி அனுப்பிவிட்டார்கள்’ என்ற முறைப்பாடு பலதுக்கும் இதுதான் காரணம்.

கரைக்க, ஈஜிஎஃப் என்றால் 0.1 சதவீத பிஎஸ்ஏ (மாட்டுச் சீர அல்புமின் புரதம்) கலந்த பிபிஎஸ் (பொஸ்பேற்று உப்புக் கரைசல்) 1 மில்லிலீற்றர். பிஎஸ்ஏ கரைசலை முன்கூட்டியே 0.22 மைக்ரோன் வடியில் வடித்து வையுங்கள். காரணியைக் கரைத்தபின் வடித்தால் கொஞ்சப் புரதம் வடியிலேயே தங்கிவிடும். சுவரில் வழியவிட்டு, மெல்லச் சரித்துச் சரித்து 15 நிமிடம் கரையுங்கள். வோர்டெக்ஸ் (குலுக்கி இயந்திரம்) கூடாது, நுரையில் புரதம் குலையும். பிஎஸ்ஏயின் வேலை பிளாஸ்டிக் சுவரை நிரப்புவது. அது இல்லாவிட்டால் ஐதான கரைசலில் உங்கள் காரணிதான் சுவரில் ஒட்டும். புரதத்துக்குச் சாயமோ பயோட்டினோ இணைக்கப் போகிறவர்கள் மட்டும் பிஎஸ்ஏயைத் தவிர்க்க வேண்டும். டிஜிஎஃப்-பீட்டா1 என்ற இன்னொரு காரணிக்கு பிபிஎஸ் சரிவராது. பிஎஸ்ஏ கலந்த 4 மில்லிமோலர் ஐதரோகுளோரிக் அமிலம்தான். எந்தக் காரணியானாலும் அதனுடன் வரும் தாள் சொல்வதே இறுதி.

இப்போது மில்லிலீற்றருக்கு 100 மைக்ரோகிராம். புரதம் ஒட்டாத ரியூப்களில் 20 மைக்ரோலீற்றர் வீதம் பங்கிட்டால் 48 அளவில் தேறும். ஒன்றில் 2 மைக்ரோகிராம்: மில்லிலீற்றருக்கு 10 நனோகிராம் வேண்டுமென்றால் 200 மில்லிலீற்றர் ஊடகத்துக்குப் போதும். கிழமைக்கு 50 மில்லிலீற்றர்தான் செலவு என்றால் 5 மைக்ரோலீற்றராகப் பங்கிடுங்கள். ரியூப் மிச்சம் பிடிக்கப்போய், உருக்கியதைத் திரும்ப உறைய வைப்பதுதான் பெரிய நட்டம்.

−80 பாகை நல்லது. −20 என்றால், தானாகப் பனி நீக்கும் பிறீசர் வேண்டாம். அது இடையிடையே சூடாகும். இரவில் கரண்ட் போய் வந்ததைக் கண்டுபிடிக்க, ஒரு கப் தண்ணீரை உறையவைத்து மேலே 5 ரூபா நாணயத்தை வையுங்கள். காலையில் நாணயம் ஐஸுக்குள் புதைந்திருந்தால் ரியூப்களும் உருகி உறைந்திருக்கும்.

எஃப்ஜிஎஃப்-2 என்ற காரணி இன்னும் மோசம்: ஊடகத்தில் 37 பாகையில் ஒரு நாளுக்குள் வலுவில் பெரும்பகுதி போய்விடும். தினமும் ஊடகம் மாற்றுங்கள், அல்லது ஹெப்பாரின் சேருங்கள்.

கலம் வளரவில்லையா? புது ரியூப் ஒன்றை உருக்கி மில்லிலீற்றருக்கு 0, 1, 3, 10, 30 நனோகிராம் எனப் பழையதோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புதியதற்கு மட்டும் கலங்கள் பெருகினால் பழைய ரியூபை எறியலாம். இரண்டுமே அசையாவிட்டால் குற்றம் சீரத்திலோ கலத்திலோ இருக்கும். புதுக் குப்பிக்கு ஓடர் போட முதல் அதைப் பாருங்கள்.