அண்டை விண்மீனைத் தேடுபவர்கள் சறுக்கும் இடங்கள்

சூரியனுக்கு அருகில் இருப்பதையெல்லாம் எப்போதோ எண்ணி முடித்திருப்பார்கள் என்று நினைத்துத் தேடாமலே இருந்துவிடுவதுதான் முதல் தவறு. 2013இல் கெவின் லூமன் என்ற வானியலாளர், வெறும் 6.5 ஒளியாண்டு தொலைவில் ஒன்றையொன்று சுற்றிவரும் இரண்டு பழுப்புக் குறுமீன்களை (விண்மீனாக எரியும் அளவுக்கு நிறை சேராத மங்கலான பொருள்களை) கண்டுபிடித்தார். அவற்றைவிட நமக்கு அருகில் இருப்பவை ஆல்ஃபா சென்டாரி குடும்பமும் பர்னார்டு விண்மீனும் மட்டுமே. மறு ஆண்டே அவர் 7.4 ஒளியாண்டு தொலைவில் இன்னொன்றைப் பிடித்தார். அதன் குளிர்ச்சி நம் வீட்டுக் குளிர்ப்பெட்டிக்குள் இருக்கும் அளவுதான்.

லூமனின் இரட்டை மட்டும் ஏன் அத்தனை காலம் சிக்கவில்லை? அது பால்வழியின் நெரிசலான பட்டையை ஒட்டி இருந்தது. அங்கே விண்மீன்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடப்பதால், முன்பு தேடியவர்கள் அந்தப் பகுதியைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டார்கள். இன்றும் புதிதாகத் தேட வருபவர்கள் வெறிச்சோடிய வானத்தையே விரும்புகிறார்கள். வேலை சுலபம் என்பது உண்மைதான். ஆனால் சுலபமான இடங்களை எல்லோரும் ஏற்கெனவே சலித்துவிட்டார்கள்.

அடுத்த தவறு, கண்ணுக்குத் தெரியும் ஒளியை நம்புவது. சிறிய, மங்கலான சிவப்பு விண்மீனான செங்குறுமீன் ஒன்றைக்கூட வெறுங்கண்ணால் பார்க்க முடியாது. பழுப்புக் குறுமீன்களோ அகச்சிவப்பில்தான் ஒளிர்கின்றன. 2009 டிசம்பரில் நாசா விண்வெளிக்கு ஏவிய வைஸ் என்ற அகச்சிவப்புத் தொலைநோக்கி இதற்குப் பெரிதும் உதவியது. குளிர்ந்த குறுமீனின் மீத்தேன் 3.4 மைக்ரான் அலைநீளத்தில் ஒளியை விழுங்கிவிடும், 4.6 மைக்ரானில் குறுமீன் பளிச்சென்று தெரியும். அதனால் வண்ணப் படத்தில் அது செந்நிறப் புள்ளியாகிறது. அதற்காகச் செந்நிறப் புள்ளி ஒவ்வொன்றையும் அண்டை விண்மீன் என்று குதிக்கக்கூடாது. தூசு படிந்த தொலைதூர விண்மீன் மண்டலங்களும் அதே நிறத்தில்தான் தெரியும். அவை நகராது என்பதே வேறுபாடு.

நகர்வைப் பார்ப்பதில்தான் தொடக்கக்காரர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். 2017இல் தொடங்கிய, தன்னார்வலர்கள் இணையத்தில் பங்கேற்கும் பேக்யார்ட் வேர்ல்ட்ஸ் திட்டத்தில், ஒரே இடத்தை வெவ்வேறு ஆண்டுகளில் எடுத்த வைஸ் படங்களை அடுத்தடுத்துப் புரட்டிப் பார்க்கலாம். ஒரு பிரகாசமான விண்மீனைச் சுற்றி ஒளிக்கீற்றுகளும், தொலைநோக்கிக்குள்ளேயே எதிரொளித்து உண்டாகும் பேய்ப் பிம்பங்களும் இருக்கும். தொலைநோக்கி திரும்பும் திசைக்கு ஏற்ப அவையும் இடம் மாறும். உண்மையான குறுமீன் ஒரே திசையில் படிப்படியாகப் போகும். பேய்ப் பிம்பம் முன்னும் பின்னும் தாவும். ஒரு படத்திலிருந்து இன்னொன்றைக் கழித்துப் பார்த்தால், மெதுவாக நகர்பவை பாதி கறுப்பும் பாதி வெள்ளையுமான இரட்டைப் பொட்டாகத் தெரியும். படங்கள் சரியாகப் பொருந்தாத இடத்தில் சாதாரண விண்மீனும் அதே வேடம் போடும். அக்கம்பக்கத்து விண்மீன்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்த இரட்டைப் பொட்டாக இருந்தால், பேசாமல் அடுத்த படத்துக்குப் போய்விடலாம்.

புள்ளி உண்மையானது என்றே வைத்துக்கொள்வோம். இது முன்பே தெரிந்ததா என்று அறியப்பட்ட வானப் பொருள்களைத் தொகுத்துவைத்திருக்கும் சிம்பாட் தரவுத்தளத்தில் பார்க்கும்போது இன்னொரு குழி காத்திருக்கிறது. பட்டியலில் உள்ள இடம் பெரும்பாலும் 2000ஆம் ஆண்டுக்கு உரியது. ஆண்டுக்கு 1 விகலை (பாகையில் 3600இல் ஒரு பங்கு) நகரும் குறுமீன் 2015க்குள் 15 விகலை தள்ளிப் போயிருக்கும். 5 விகலைக்குள் மட்டும் தேடிவிட்டு "புதியது!" என்று கொண்டாடினால், பழைய விண்மீனுக்கு மறுபடியும் பெயர் வைத்த கதைதான்.

வேகமாக நகர்வதெல்லாம் அருகில், மெதுவாக நகர்வதெல்லாம் தொலைவில் என்ற கணக்கும் எப்போதும் பலிக்காது. ஷோல்ஸ் விண்மீன் சுமார் 22 ஒளியாண்டு தொலைவில்தான் இருக்கிறது. ஆனால் ஆண்டுக்கு 0.12 விகலைதான் நகர்கிறது. காரணம், அது கிட்டத்தட்ட நேராக நம்மைவிட்டு விலகிப் போய்க்கொண்டிருக்கிறது. சுமார் 70,000 - 80,000 ஆண்டுகளுக்கு முன் ஏறத்தாழ 1 ஒளியாண்டு தொலைவில் நம்மைக் கடந்து போன விண்மீன் அது. தொலைவைச் சொல்ல இடமாறு தோற்றத்தை (பூமி சூரியனைச் சுற்றும்போது விண்மீன் சற்றே இடம் மாறித் தெரிவதை) அளக்க வேண்டும், அதிலும் அவசரம் உதவாது. 2003இல் அறிவிக்கப்பட்ட டீகார்டன் விண்மீனுக்கு முதல் அளவீடு சுமார் 7.5 ஒளியாண்டு என்றது. பிழை வரம்போ மிகப் பெரிது. பிறகு நிதானமாக அளந்தபோது 12.5 ஒளியாண்டு என்று தெரிந்தது.

கடைசியாக ஒன்று, இது அனுபவசாலிகள் செய்யும் தவறு: இன்ன நிறத்தில்தான் இருக்கும் என்று முன்கூட்டியே முடிவு கட்டி, மற்றவற்றை வடிகட்டி எறிவது. டான் காசெல்டன் என்ற தன்னார்வலர் குறுமீன்களைத் தேடத் தானே ஒரு நிரல் எழுதியிருந்தார். அது பொறுக்கித் தந்த வேறொரு புள்ளியை அவர் ஆராய்ந்துகொண்டிருந்தபோது, நிரல் கண்டுகொள்ளாத மங்கலான ஒன்று திரையின் குறுக்கே வேகமாக ஓடியது. சுமார் 53 ஒளியாண்டு தொலைவில் இருக்கும் மிகப் பழைய பழுப்புக் குறுமீன் அது. மீத்தேன் குறைவாக இருந்ததால் அதன் நிறம் எந்த வரையறைக்குள்ளும் அடங்கவில்லை. அதற்கு வைத்த செல்லப்பெயர், 'தி ஆக்சிடென்ட்'.